திரையில் ஒலித்த தமிழும் மன்றத்தில் ஒலியாத தமிழும்



2021 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள் தமிழ்த் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அது திரையரங்கைத் தேடிப் போகவில்லை. அமேசான் பிரைம் என்னும் நிறுவனத்தின் வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் கைப்பேசிக்கும் நேரே வந்து, வீட்டுக்குள்ளேயே அமர்ந்துகொண்டது. த. செ. ஞானவேல் இயக்கிய 'செய்பீம்' என்னும் அப்படத்தைக் காணாத தமிழ்க்குடும்பம் குறைவு. பெயரைக் கேட்டவுடன் முகஞ்சுளித்த தமிழன்பர்களும் உண்டு. வடசொற் பெயர்தானே என்றனர். வடசொல்தான், ஆயினும் அஃது அம்பேத்கரைப் போற்றி ஒடுக்கப்பட்ட மக்கள் முழங்கும் முழக்கம் ஆகலின், அதன்மேற் சினங்கொள்ளுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பெயரை விடுக. படத்தின் உள்ளிருப்பது தமிழ்நாட்டில், அதிலும் இக்கடலூர் மாவட்டத்து மண்ணில், உண்மையாகவே நடந்த கொடுமை.

1993 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். அப்போது கடலூர் தனி மாவட்டமன்று. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர். முதுகுன்றத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் இராசாக்கண்ணு. குறவர் குலத்தவர்; கூலி வேலை செய்து பிழைத்தவர். களவுபோன நகையைக் கேட்டுக் கம்மாபுரம் காவல் நிலையத்தார் அவரைப் பிடித்துச் சென்றனர், அடித்தனர். பின்னர் அவர் தப்பியோடிவிட்டார் என்றனர். கணவர் எங்கே என்று கேட்டுப் பார்வதி என்னும் அப்பெண் ஏறாத படியில்லை. மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சித் தோழர்கள் துணைநின்றனர். சென்னையில் வழக்குரைஞராயிருந்த கே. சந்துரு கூலி பெறாமல் அவ்வழக்கை ஏற்று, உயர் அறமன்றத்தில் ஆட்கொணர்வு முறையீடு செய்தார். தப்பியோடிவிட்டதாகச் சொல்லப்பட்டவரின் உடல் வேறொரு மாவட்டத்தின் எல்லைக்குள் பிணமாகக் கிடந்தது என்பது வெளிவந்தது. வழக்கு நீண்டு நீண்டு 2006 ஆம் ஆண்டுவரை சென்றது. காவலர் ஐவர் தண்டிக்கப்பட்டனர்.

ஆட்கொணர்வு என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குக. இலத்தீன் மொழித் தொடர் ஒன்றை வைத்துக்கொண்டு உலகமெலாம் வழக்குரைஞர்கள் புழங்குகின்றனர். அதன் பொருள் 'உடலைக் கொண்டுவருக' என்பது. தமிழில் அதனை ஆக்கியவர் உடலென்று எழுதாமல் ஆளென்று எழுதினார். உடல் செத்ததாகவும் இருக்கலாம். ஆள் என்றால் உயிரோடு நிற்க வேண்டும். படம் வந்த பின்னர்த் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் இச்சொல் புழங்கக் கேட்டோர் பலர். சட்டம் படியாதவன் ஒருவன் இச்சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருளறிந்துகொள்கிறான். இலத்தீன் தொடரைச் சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்?

படத்தைக் கண்டோர் என்ன சொன்னார்கள் என்பதே இங்கு ஆராயத்தக்கது. பலர் அழுதனர். பார்வதியின் நிழலாகப் படைக்கப்பட்ட செங்கேணி, நிறைவயிற்றோடு மன்றத்தின் படிகளில் ஏறி இறங்கியது கண்டு தாய்மார் உறக்கமிழந்தனர். முதலமைச்சர் மு. க. இசுட்டாலின் படம் பார்த்தபின் நெஞ்சம் கனத்ததாக எழுதி, 1976 இல் நெருக்கடிநிலையின்போது தாம் சிறையிற் பட்டதை நினைவுகூர்ந்தார். நடிகர் சூரியா இருளர் நலத்திற்கென ஒரு கோடி உருவா அளித்தார். பார்வதி பெயரிலும் வைப்புத்தொகை வைப்பதாக அறிவித்தார். இவையெல்லாம் நல்ல விளைவுகள். மறுப்பதற்கில்லை.

ஆனால் கண்ணீர் காய்வதற்குள் சொற்போர் இரண்டு எழுந்தன. அவ்விரண்டும் வழக்கை விட்டு விலகி வேறு திசையில் ஓடின.

முதலாவது, நாள்காட்டி பற்றியது. கொடுமை செய்யும் காவலர் வீட்டுச் சுவரில் தீக்குண்டம் வரைந்த நாள்காட்டி ஒன்று ஒரு நொடி தோன்றியது. அது வன்னியர் அடையாளம் என்றும், அக்காவலருக்கு இட்ட பெயரும் தங்களைக் குறிப்பது என்றும் சொல்லி, வன்னியர் சங்கம் ஐந்து கோடி உருவா இழப்பீடு கேட்டு அறிவிக்கை விடுத்தது. உண்மை வழக்கிலே தண்டிக்கப்பட்ட அலுவலர் அக்குலத்தவர் அல்லர் என்பது அவர்தம் வாதம். அந்த அளவில் அவர்கள் கேட்டதில் முறை உண்டு. நாள்காட்டி நீக்கப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நடிகர் வீட்டுக்குக் காவல் போட வேண்டிய நிலை வந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டு, 2022 இல் சென்னை உயர் அறமன்றம் அதனைத் தள்ளியது. இன்னொரு புறம், இறந்தவர் குறவராயிருக்க, அவரை இருளராகக் காட்டியது ஏன் என்னும் கேள்வியும் வந்தது. அதுவும் முறையான கேள்வியே. குறிஞ்சித் திணையின் முதன்மக்கள் என்று தமிழ்ச் சான்றோர் பாடிய குலத்தை, வெள்ளையன் 1871 இல் தொடங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம் பிறவிக் கள்வர் பட்டியலில் ஏற்றியது. சட்டம் விடுதலைக்குப் பின் போயிற்று. காவல் நிலையத்தின் எண்ணம் போகவில்லை. இராசாக்கண்ணு மாண்டது அவ்வெண்ணத்தால் என்பதைப் படம் குறவர் பெயராலேயே சொல்லியிருக்கலாம். ஆயினும் இங்கே நேர்ந்தது என்ன? ஒரு தமிழன் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட செய்தியை வைத்துக்கொண்டு, அவன் எந்தச் சாதி, கொன்றவன் எந்தச் சாதி என்று தமிழர் திங்கள் கணக்கில் வழக்காடினர்.

இரண்டாவது சொற்போர் மொழி பற்றியது. ஆகவே அது தமிழன்பர்களின் காதுக்கு இனித்தது. படத்தில் உசாவல் நடத்தும் காவல்துறைத் தலைவராகப் பிரகாசுராசு நடித்தார். அடகுக்கடைக்காரன் ஒருவன் இந்தியில் விடை சொல்லுகிறான். அறை ஒன்று விழுகிறது. 'தமிழில் பேசு' என்கிறார் அலுவலர். தமிழ்ப் பதிப்பில் இவ்வாறு. தெலுங்குப் பதிப்பில் தெலுங்கில் பேசு என்றாயிற்று. இந்திப் பதிப்பிலோ உண்மையைச் சொல் என்று மாற்றிவிட்டனர். தமிழ்ப் பதிப்பின் அத்துணுக்கு வடநாட்டில் பரவியது. இந்தியைப் பழிக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. பழங்குடி மக்களின் துயரம் அவர்கள் கண்ணிற் படவில்லை, அறை மட்டுமே பட்டது என்னும் பொருளில் பிரகாசுராசு மறுமொழி சொன்னார். சரியான மறுமொழி.

ஆனால் இந்தப் பக்கத்திலும் அந்த அறை மட்டுமே கண்ணிற் பட்டவர்கள் இருந்தார்களே, அவர்களை என் சொல்வது? கைதட்டினர், பகிர்ந்து மகிழ்ந்தனர். காவலர் அடித்து ஓர் ஆள் செத்த கதையைச் சொல்லும் படத்தில், உசாவலுக்கு வந்தவனைக் காவலர் அடிப்பதைக் கண்டு கைதட்டுவது எவ்வகையிற் பொருந்தும்? கம்மாபுரத்தில் ஓங்கிய கைக்கும் இந்தக் கைக்கும் வேறுபாடு அடிபட்டவன் மொழி மட்டும்தானா? இந்தித் திணிப்பை எதிர்ப்பது தமிழன் கடமை. அந்தக் கடமையை ஒரு அடகுக்கடைக்காரன் கன்னத்தில் நிறைவேற்ற முடியாது. இந்தி எவ்விடத்தில் அரியணை ஏறியிருக்கிறது, தமிழ் எவ்விடத்தில் வாயிலில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்விடம் அதே படத்தில், அந்த அறைக்கு முன்னும் பின்னும், மணிக்கணக்காகக் காட்டப்பட்டது. எவரும் அதனைக் குறித்துப் பேசவில்லை.

அவ்விடம் உயர் அறமன்றம்.

படத்தில் வழக்குரைஞர் எழுந்து நின்று தமிழில் பேசுகிறார். அரசு வழக்குரைஞர் தமிழில் மறுக்கிறார். நடுவர் தமிழில் கேட்கிறார். ஆட்கொணர்வு வழக்கில் சான்றரை உசாவ இடமுண்டா என்னும் நுணுக்கமான சட்டச் சிக்கல் வருகிறது. நெருக்கடிநிலைக் காலத்தில் கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் இராசன் காவலில் மாண்டதும், அவர் தந்தை ஈச்சர வாரியர் 1977 இல் கேரள உயர் அறமன்றத்தில் முறையிட்டதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அடுப்படியில் வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்த பாட்டி அத்தனையும் விளங்கிக்கொண்டார். இடையிடையே 'கேளுப்பா, நல்லாக் கேளு' என்று வழக்குரைஞருக்கு ஊக்கமும் கொடுத்தார். பின் தீர்ப்பு வந்தபோது அழுதார். அவர் அழுததற்குக் கரணியம் நடிப்பு மட்டுமா? வழக்கு அவருக்குத் தமிழில் நடந்தது. அதுவே முதற் கரணியம்.

1993 இல், எழும் கேள்விக்கும் சொல்லும் விடைக்கும் உரியவராகிய பார்வதிக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. சென்னை உயர் அறமன்றத்தின் மொழி ஆங்கிலம். முறையீடு ஆங்கிலத்தில், மறுப்பு ஆங்கிலத்தில், ஆணை ஆங்கிலத்தில், தீர்ப்பு ஆங்கிலத்தில். கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் வாய்ச்சொல் தமிழில் பிறந்து, வழக்குரைஞர் கையில் ஆங்கிலமாகிப் போய், ஆங்கிலமாகவே திரும்பி வந்தது. அவ்வழக்கின் கதையோ பிற்காலத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என ஐந்து மொழிகளில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. வழக்கு நடந்த மன்றத்தில் மட்டும் அவ்வைந்தில் ஒன்றுக்கும் இடமில்லை!

கீழ்நிலை மன்றங்களில் தமிழ் உண்டு. 1956 இல் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976 இல் அது திருத்தப்பட்டுக் கீழ்நிலை மன்றங்களுக்குத் தமிழ் சட்டவழி சென்றது. கடலூரிலோ தில்லையிலோ முதுகுன்றத்திலோ சான்றர் சொல்வது தமிழில் எழுதப்படுகிறது. வழக்கு மேலேறிச் சென்னைக்குப் போகும்போது அத்தாள்களெல்லாம் பெயர்க்கப்பட வேண்டும். ஒருவன் உயிரும் உரிமையும் அம்மொழிபெயர்ப்பாளர் கைத்திறத்தைப் பொறுத்தது. உயர் மன்றத்தின் வாயிலில் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

இது மாற்றக்கூடாத விதியா? இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 348 ஆம் பிரிவு ஆங்கிலத்தைச் சொல்லிவிட்டு, அதன் இரண்டாம் உட்பிரிவில், குடியரசுத் தலைவரின் முன்னொப்புதலோடு மாநில ஆளுநர் இந்தியையோ மாநில ஆட்சிமொழியையோ உயர் அறமன்ற நடவடிக்கைகளுக்கு இசையலாம் என்கிறது. இராசத்தானுக்கு 1950 இல், உத்தரப்பிரதேசத்துக்கு 1969 இல், மத்தியப்பிரதேசத்துக்கு 1971 இல், பீகாருக்கு 1972 இல் இந்தி இசைந்தளிக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்கு அவ்வுரிமை கேட்டு ஒருமனதாக முடிபு செய்து அனுப்பியது. 2010 இல் மதுரையில் வழக்குரைஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். 2012 அக்தோபரில் தில்லித் தலைமை அறமன்றத்தின் நடுவர் அனைவரும் கூடிய கூட்டம் அதனை ஏற்பதற்கில்லை என்றது. குசராத்தி, வங்காளம், கன்னடம் கேட்டோருக்கும் அதே விடை. தமிழகம் மீண்டும் கேட்டபோது 2016 சனவரியில் அதே முடிபு திரும்பவும் உறுதிசெய்யப்பட்டது.

சட்டப் பிரிவிலே தலைமை நடுவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. பின் அஃது எங்கிருந்து வந்தது? 1965 மே 21 ஆம் நாள் நடுவண் அமைச்சரவைக் குழு ஒன்று, இத்தகு வேண்டுகைகளில் இந்தியத் தலைமை நடுவரின் கருத்தையும் கேட்பதென்று முடிவெடுத்தது. அன்று முதல் அஃது ஒரு தாழ்ப்பாள்.

1965! அவ்வாண்டின் பெயரைத் தில்லையில் நின்று சொல்லும்போது வாய் தழுதழுக்கும். அவ்வாண்டு சனவரி 27 ஆம் நாள், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்தபோது காவலர் குண்டுக்கு இரையானார். அவர் சிந்திய குருதி காய்ந்து நான்கு திங்கள் ஆவதற்குள் தில்லியில் அந்தத் தாழ்ப்பாள் அடிக்கப்பட்டது. முன்னதை ஆண்டுதோறும் மாலையிட்டு நினைக்கின்றனர். பின்னதை நினைப்பவர் எத்தனை பேர்?

அதே அண்ணாமலை நகர், 1992. காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த கணவர் மாண்டார்; அவர் மனைவி காவலராலேயே கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். கம்மாபுரத்துக் கொடுமைக்கு முந்தைய ஆண்டு இது. முதனையும் அண்ணாமலை நகரும் ஒரே மாவட்டம். படத்தைப் பார்த்து 'இப்படியும் நடக்குமா?' என்று வியந்தவர்களில் கடலூர் மாவட்டத்தாரும் இருந்தார்கள் என்பதே வியப்பு.

தில்லையைச் சொல்லும்போது அம்பலத்தையும் சொல்லியாக வேண்டும். சிற்றம்பல மேடையேறித் தேவாரம் ஓத முயன்ற சிவனடியார் ஆறுமுகசாமி ஆண்டுக்கணக்காக அலைக்கழிக்கப்பட்டார். 2008 இல் அரசாணை பிறந்தும், மார்ச்சுத் திங்களில் காவலர் துணையோடுதான் தமிழ் அம்மேடை ஏற வேண்டியிருந்தது. தமிழ் பாடிய நால்வரின் திருவுருக்கள் நிற்கும் கோயிலில் தமிழுக்கு வழிகேட்டு ஒரு கிழவர் நிற்க நேர்ந்தது கண்டு நாடு கொதித்தது. அக்கொதிப்பில் பத்தில் ஒரு பங்கு, தமிழ் பேசும் மக்களின் வழக்குகள் நடக்கும் உயர் மன்றத்திலே தமிழ் நுழையாமை கண்டு எழவில்லை. கருவறைப் பூட்டு கண்ணுக்குத் தெரிகிறது. மன்றத்துப் பூட்டு தெரிவதில்லை போலும்!

மறுப்பார் சொல்லும் ஏது ஒன்றுண்டு. அதனை மறைக்காமல் எடுத்துப் பேசுவதே நேர்மை. வேற்று மாநிலத்து நடுவர்கள் மாற்றலில் வருகிறார்களே, தமிழில் வழக்குரைத்தால் அவர்களுக்கு எப்படி விளங்கும் என்பர். எளிதிற் தள்ளத்தக்க ஏதன்று இது. இராசாக்கண்ணு வழக்கிலேயே பார்வதியின் முறையீட்டுக்குச் செவிகொடுத்த நடுவர் மிசுரா வடநாட்டிலிருந்து வந்தவர். தமிழறியாதவர் முறை செய்தார். தமிழறிந்த காவலர் கொன்றனர். இவ்வுண்மையைத் தமிழன்பர் விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நடுவர் வேற்று மொழியாளராக இருப்பதற்காக முறையிடுவோர் வாய்மூடி நிற்க வேண்டும் என்பது எவ்வூர் முறை? மலையாள நாட்டிலிருந்து சென்ற நடுவர் ஒருவர் 2023 இல் பாட்னா உயர் அறமன்றத்தின் தலைமை நடுவரானார். அதற்காகப் பீகாரில் இந்திக்கு 1972 இல் கொடுத்த இசைவு பறிக்கப்பட்டதா? அங்கே இயல்வது இங்கே ஏன் இயலாது? பெயர்த்துச் சொல்வாரை நடுவருக்குத் துணையாக அமர்த்துக. பெயர்ப்பின் சுமையை ஊதியம் பெறும் மன்றம் தாங்கட்டும். கணவனை இழந்தவள் தாங்க வேண்டா. தீர்ப்புகளை மாநில மொழிகளில் பெயர்த்து வெளியிடும் பணியைத் தில்லித் தலைமை அறமன்றம் 2019 இல் தொடங்கியபோது, முதற் பட்டியலில் தமிழே இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே சேர்த்தனர். கேட்டால் கிடைக்கும் என்பதற்கும், கேளாவிடின் மறந்துவிடுவர் என்பதற்கும் அந்த ஒன்றே சான்று.

தமிழில் சட்டச்சொல் இல்லையென்று சொல்வாரும் இருந்தனர். அவர்கள் வாயை அந்தப் படமே அடைத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் ஆட்கொணர்வும் குறுக்கு உசாவலும் முன்தீர்ப்பும் தமிழில் வந்தன; பார்த்தவர் எவரும் அகராதி தேடவில்லை. படத்துக்கு மூலமான சந்துருவோ, பிற்காலத்தில் தாமே உயர் மன்ற நடுவராகி, தம்மைப் 'பெருமானே' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் விளிக்கும் பழக்கத்தை வேண்டாவென்றவர். அடிமைக் காலத்து விளி ஒன்றை ஒருவர் விலக்க முடிந்தது. அடிமைக் காலத்து மொழியை விலக்க ஒருவரால் ஆகாது. அதற்கு ஊர் எழ வேண்டும்.

படத்தின் முடிவில், செங்கேணியின் சிறுமகள் வழக்குரைஞர் எதிரே நாற்காலியில் அமர்ந்து, அவரைப் போலவே கால்மேற் கால் போட்டு நாளிதழை விரிக்கிறாள். அக்காட்சியைப் படமெடுத்து ஒட்டாத சுவரில்லை, பகிராத கையில்லை. அச்சிறுமி வளர்ந்து வழக்குரைஞராவாள் என்றே கண்டோர் மகிழ்ந்தனர். ஆகட்டும். கடலூரிலும் தில்லையிலும் உள்ள மன்றங்களில் அவள் தமிழில் வழக்குரைப்பாள். சென்னைக்குச் சென்றால்?

திரையில் செங்கேணி தீர்ப்பைத் தன் காதாற் கேட்டாள். உண்மையில் தீர்ப்பு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அதனை எவரேனும் பார்வதிக்கு வரிவரியாகப் படித்துக் காட்டியிருந்தாலும், அவர் செவிக்குத் தெரிந்த சொற்களாக அதிலே இருந்திருப்பவை தம் கணவர் பெயரும், முதனை என்னும் ஊர்ப்பெயரும், கம்மாபுரம் என்னும் அக்காவல் நிலையத்தின் பெயருமே.